பாப்பாவோட லைஃப் ஜாக்கெட் பத்தி

தம்பி,

நேத்து நீ போட்ல எடுத்து அனுப்பின போட்டோவ நானும் அப்பாவும் எத்தன தடவ பாத்தோம்னே தெரியல. அப்பா எஞ்சினத்தான் பெருசாக்கி பெருசாக்கி பாத்துக்கிட்டு இருந்தாரு, என் கண்ணு பாப்பா மேலதான். அந்த ஆரஞ்சு ஜாக்கெட் அவ காது வரைக்கும் ஏறி நிக்குது, பக்கத்துல பட்டை சும்மா தொங்குது, அது பெரியவங்க சைஸ்தானேப்பா? ராத்திரி தூக்கமே இல்ல. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வெச்சிருவே, அதான் எழுதுறேன்.

பினாங்கு தெலுக் பகாங்ல நம்ம போட் இருந்த வரைக்கும் ஓட்டினது அப்பா, ஜாக்கெட்டக் கழுவி காயவெச்சு எடுத்து வெச்சது நான். நீ ஃபார்ம் 2 படிக்கும்போது அப்பா படகுத்துறைல வழுக்கி விழுந்தாரே, உனக்கு முழுசா சொன்னதில்ல. விடியக்காலம், சுமத்ரா காத்து திடீர்னு அடிச்சு போட் ஆடுது, அப்பா ஜாக்கெட் போட்டுத்தான் இருந்தாரு, ஆனா வெக்கையா இருக்குன்னு இடுப்புப் பட்டைய லூசா விட்டிருந்தாரு. தண்ணில விழுந்த உடனே ஜாக்கெட் மட்டும் மேல வந்துருச்சு, ஆளு கீழ, மூஞ்சி ஜாக்கெட்டுக்குள்ள. நீந்த வேண்டிய ரெண்டு கையும் ஜாக்கெட்டக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து போட் மலாய்க்கார அண்ணன் கொக்கிக் கம்பு போட்டு இழுத்தாரு. வீட்டுக்கு வந்தப்ப தாடைக்குக் கீழ பட்டை கிழிச்ச செவப்புக் கோடு, ஒரு வாரம் இருந்துச்சு. அன்னையிலேர்ந்து நம்ம வீட்டுல கவட்டுப் பட்டை, அதான் ரெண்டு காலுக்கும் நடுவுல மாட்டுற பட்டை, இல்லாத ஜாக்கெட் கிடையாது.

பாப்பாவுக்குப் போட்டுப் பட்டையெல்லாம் மாட்டிட்டு, ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பாரு. தாடைக்கு மேல ஏறுச்சுன்னா அது அவளுக்கு ஆகாது. வயசப் பாத்து வாங்காத, உள்ள லேபிள்ல எத்தன கிலோவிலேர்ந்து எத்தன கிலோ வரைக்கும்னு போட்டிருக்கும், அதத்தான் பாக்கணும். வளருவா, கொஞ்சம் பெருசா இருக்கட்டும்னு தீபாவளிச் சட்டைக்கு நினைக்கலாம், இதுக்குக் கூடாது. அவளுக்கு ஸ்பாஞ்சு ஜாக்கெட்தான், காஸ்ல ஊதுற ஜாக்கெட் வேணாம். கழுத்துக்குப் பின்னாடி காலர் இருக்கணும், பிடிச்சுத் தூக்க ஒரு கைப்பிடி, விசில், கவட்டுப் பட்டை.

உனக்கும் மருமகளுக்கும் காஸ் ஜாக்கெட் வாங்கு, மெல்லிசா இருந்தாத்தான் நாள் பூரா கழட்டாம இருப்பீங்க. அங்க ஆஸ்திரேலியால லெவல் 50, 100, 150ன்னு போட்டிருப்பாங்க. 50 நீந்தத் தெரிஞ்சவங்க கரையோரமா விளையாடுறதுக்கு, மயங்கிட்டா மூஞ்சிய மேல திருப்பாது. 150ன்னா ஏறக்குறைய 15 கிலோ எடையத் தண்ணில தூக்கிப் பிடிக்கிற அளவு. நீ ஃபிரிமாண்டில்லேர்ந்து ராட்னெஸ்ட் தீவுக்குப் போகணும்னு சொன்னியே, அது இங்க தெலுக் பகாங்லேர்ந்து மங்கி பீச் போற மாதிரி இல்லப்பா, திறந்த கடல், 150தான் வாங்கணும். காஸ் ஜாக்கெட்டுக்கு மேல மழைக்கோட்டு போடாதீங்க, ஊதும்போது நெஞ்ச அமுக்கிரும்.

அந்த காஸ் ஜாக்கெட்ல நாங்க வெச்சிருந்த மாதிரி வகை தண்ணி பட்டா தானா ஊதிக்கும், உள்ள ஒரு மாத்திரை மாதிரி இருக்கும், அது கரைஞ்சா ஊசி காஸ் அடைச்ச சிலிண்டர ஓட்டை போட்டுரும். இது தெரியாம, புதுசா வாங்கின முதல் மாசமே பின்வாசல் பைப்புல ஹோஸ் போட்டுக் கழுவினேன். டப்புனு கையிலயே ஊதிருச்சு. ஒரு சிலிண்டர், ஒரு மாத்திரை, ரெண்டும் போச்சு, புதுசு வாங்குற வரைக்கும் அப்பா கடலுக்குப் போகல. அதனால முதல்ல சிலிண்டரையும் மாத்திரையையும் கழட்டி வெச்சுட்டு அப்புறம் நல்ல தண்ணில கழுவு. உப்பு போகணும், காயவெக்கிறது நிழல்லதான், வெயில்ல போட்டா துணி, தையல் எல்லாம் பொடிஞ்சிரும். எல்லாம் நல்லாக் காஞ்சதும் மறக்காம திரும்ப மாட்டு.

வருஷத்துக்கு ரெண்டு தடவ வாயால ஊதி, ராத்திரி முழுக்க ஆணில தொங்கவிட்டுடுவேன், காலைல தொய்ஞ்சு போயிருந்தா எங்கயோ ஓட்டை. காத்த இறக்க ஊதுற குழாயோட மூடியத் திருப்பிப் போட்டு அமுக்கணும், மடிக்கும்போது மூடி பழையபடி நேரா இருக்கணும், மறந்துராத. சிலிண்டர கேக் மாவு நிறுக்கிற தராசுல வெச்சுப் பாப்பேன், சிலிண்டர்லயே எடை எத்தன கிராம்னு அடிச்சிருக்கும், அதுக்குக் கொறஞ்சா காஸ் போயிருச்சுன்னு அர்த்தம். துரு பிடிச்சிருந்தாலும் மாத்திரு. ஒவ்வொரு தடவ கெளம்பும்போதும் சிலிண்டரக் கையால திருகிப் பாரு, போட் அதிர்ற அதிர்ச்சில தானாக் கழண்டுரும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. தேதி முடிஞ்ச மாத்திரையையும் வெச்சுக்காத. அங்க சர்வீஸ் பண்ற கடை இருக்குமே, கம்பெனி சொல்ற நேரத்துக்குக் கொண்டுபோய்க் குடு.

ஸ்பாஞ்சு ஜாக்கெட்ட யாரும் சீட்டு மாதிரி போட்டு உக்காரக் கூடாது, ஸ்பாஞ்சு நசுங்கிட்டா மிதக்குற சக்தி போயிரும். பாப்பாவோடத எட்டாத எடத்துல பூட்டி வெக்காத, படகுத்துறையிலயே மாட்டி விட்டு அப்புறம் போட்டுல ஏத்து.

இன்னைக்கு சாயந்தரம் பாப்பாவ நிறுத்துப் பாத்து எத்தன கிலோன்னு எனக்கு அனுப்பு. காசு பத்தலன்னா சொல்லு, போட் வித்த காசு அப்பா பேங்க்ல அப்படியே போட்டு வெச்சிருக்காரு. புது ஜாக்கெட் வர்ற வரைக்கும் அவ கரையிலயே இருக்கட்டும்பா.

அம்மா