சூரியகாந்தியும் ஐந்து ரூபாய் பென்சிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் வருகிற 'வண்ணம் தீட்டுங்கள்' படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குச் சாயங்காலம் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். மலை வரையுங்கள் என்றால் எல்லார் நோட்டிலும் இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன். இத்தனைக்கும் மொட்டைமாடியில் ஏறினால் பொதிகை மலை முழுசாகத் தெரியும். அச்சில் வந்த படத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதிரே இருக்கிற மலை தெரியவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

போன ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துக்குக் கூட்டிப் போனேன். சூரியகாந்தி பூத்துவிட்டால் போட்டோ எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருவார்களே, அதே வயல்கள்தான். நாங்கள் வயல்காரரிடம் கேட்டு விதை முற்றின பூ ஒன்றை வாங்கிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டோம். விதைகள் வலப்பக்கம் வளைந்து ஒரு வரிசையாகவும் இடப்பக்கம் வளைந்து இன்னொரு வரிசையாகவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினோம், ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55. ஒவ்வொரு விதையும் முந்தின விதையிலிருந்து சுமார் 137.5 டிகிரி தள்ளி உண்டாவதால் இடம் வீணாகாமல் இப்படி நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது என்று சொன்னேன். நடுவில் வட்டம் போட்டு இரண்டு நிமிஷத்தில் பூவை முடிக்கிற பையன் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் தலை நிமிரவில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோடையில் குளம் வற்றினதும் வண்டல் வெடித்துக் கிடக்கும் பாருங்கள், முதலில் ஒரு நீளமான வெடிப்பு விழும், அப்புறம் வருவது அதில் போய் கிட்டத்தட்ட செங்குத்தாக முட்டி நின்றுவிடும். எது முந்தி, எது பிந்தி என்று பிடிபட்டால் கோட்டை எங்கே நிறுத்துவது என்று கைக்கே தெரிந்துவிடும். ஓரத்துக்குச் சாதாரண எச்பி பென்சில், உள்ளே இருட்டுக்கு இன்னும் கறுப்பாக விழுகிற 6பி பென்சில், அவ்வளவுதான் செலவு. தண்ணீரில் ஊறி நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலை, ஆற்றங்கரை மருதமரத்தில் உரிகிற பட்டை, எல்லாமே சும்மா கிடைக்கிறவை.

அந்தப் பக்கத்தில் பாதி இடத்தையாவது பிள்ளைகளின் பென்சில் படங்களுக்குக் கொடுங்கள். பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும், எதைப் பார்த்து எங்கே வரைந்தது என்று அடியில் ஒரு வரி இருக்க வேண்டும். முதல் வாரத்துக்கு நான்கு படங்கள் இத்துடன் வைத்திருக்கிறேன். வெட்டின நுங்கின் மூன்று கண்ணை வரைந்தது இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அதைச் சின்னதாக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், அம்பாசமுத்திரம்