பழைய கேமிங் பிசியை எப்ப மாத்தணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கேம் கொஞ்சம் திக்குனாலே புது பிசி கேட்டு பசங்க அடம் பிடிக்கிறாங்க, அவசரமே வேணாங்க. கேம்ல எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை படம் திரையில ஓடுதுங்கிற கணக்கு) லிமிட்டை எடுத்துட்டு கேம் ஓடும்போதே விண்டோஸ்ல எந்த பாகம் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜரைப் பாருங்க, கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்துல நின்னா கார்டுதான் திணறுது, அது 60லயே சும்மா இருந்து பிராசஸர் முட்டிக்கிட்டு நின்னா எவ்ளோ பெரிய கார்டு போட்டாலும் காசு வேஸ்ட். பல தடவை ஃபேன்ல அடைஞ்ச தூசியும் சிப்போட சூட்டைக் கடத்துறதுக்குத் தடவுற தெர்மல் பேஸ்ட் காஞ்சுபோனதும்தான் காரணமே, சூடு ஏறினா சிப் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். 8 ஜிபி ரேமை 16 ஆக்கி ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான எஸ்எஸ்டி ஸ்டோரேஜும் போட்டா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட் (பாதுகாப்பு அப்டேட்) முடிஞ்சிடுச்சு, விண்டோஸ் 11 ஏத்துக்காத பழைய பிராசஸர்னா மதர்போர்டோட மாத்திடுங்க. இதை உங்க தொழில்நுட்பப் பக்கத்துல விளக்கமா போடுங்க சார்.