இரண்டாவது இயலை மறுபடி எழுதப்போகும் மகளுக்கு

அன்புள்ள தாயி,

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் தூக்கமில்லை. மறுபடி போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய ஆய்வேட்டின் இரண்டாவது இயலையும் அந்த ஒப்புமை ரிப்போர்ட்டையும் பிரிண்ட் போட்டு, கடை ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு தடவை படித்தேன்.

உன் எழுத்தில் 38 சதவீதம் மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று வந்திருக்கிறது. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைப்போம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-ல் போட்ட விதிப்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் நடவடிக்கை கிடையாது. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதெல்லாம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வருகிற கணக்கு. நீ இன்னும் எதையும் சமர்ப்பிக்கவில்லை. உன் கைடு அம்மா முன்கூட்டியே மென்பொருளில் போட்டுப் பார்த்தது உன்மேல் உள்ள அக்கறையால்தான். அவர்கள்மேல் வருத்தப்படாதே.

இன்னொன்று. ஆதாரம் காட்டி எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், நன்றியுரை, பொருளடக்கம் எதுவும் அந்தக் கணக்கில் சேரக்கூடாது. உன் ரிப்போர்ட்டில் துணைநூற்பட்டியலுக்கும் சேர்த்து வண்ணம் அடித்திருக்கிறது. அதை நீக்கி ஓட்டினாலே கொஞ்சம் இறங்கும். ஆனால் இறங்கிவிட்டதே என்று நீ நிம்மதியாகிவிடக் கூடாது, தாயி. உன் பதினோராம் பக்கத்தைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

நீ படித்த புத்தகத்தில் இப்படி இருக்கிறது: "கண்மாய்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஊர்மக்களே குடிமராமத்து என்னும் பெயரில் ஏற்றுச் செய்துவந்தனர்; ஆங்கிலேய அரசு அதனை 1858-இல் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியது."

நீ எழுதியது: "கண்மாய்களைப் பேணும் கடமையைக் கிராமத்தாரே குடிமராமத்து என்ற பெயரில் ஏற்று நடத்திவந்தனர்; பிரிட்டிஷ் அரசு அதை 1858-இல் சட்டத்தின் வாயிலாகக் கட்டாயமாக்கியது."

எட்டுச் சொல்லை மாற்றியிருக்கிறாய். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. அரைப்புள்ளிகூட அதே இடத்தில். இத்தனை வருஷம் டைப் அடித்த கண்ணுக்கு அந்த அரைப்புள்ளிதான் முதலில் பட்டது. நீ திருட நினைத்து இப்படிச் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினால் கை இப்படித்தான் போகும். கீழே அடிக்குறிப்புப் போட்டிருந்தாலும், மேலே உள்ள நடை இன்னொருத்தருடையதுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆடி மாசம் நீ போன் பண்ணி, "ஏம்ப்பா, ஊர்க்காரங்க தாங்களா வந்து செஞ்ச வேலைக்கு எதுக்குச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தணும்? அப்ப அந்த நேரத்துல அவங்க வரலையா?" என்று கேட்டாய். அரை மணி நேரம் பேசினோம். வரி நேராகச் சர்க்காருக்குப் போன பிறகு ஊருக்கு அக்கறை குறைந்திருக்குமோ என்று நீயாகவே ஒரு யூகம் சொன்னாய். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, அதை நீதான் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி இந்த முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லையே! உன்னுடையது என்று நீ சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே விஷயத்தைப் போனிலேயே விட்டுவிட்டு, மற்றவர்கள் சொன்னதை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாய்.

அதனால் இப்படிச் செய்து பார். இரண்டு பக்கம் படி. புத்தகத்தை மூடி வேறு அறையில் வை. என்னிடம் போனில் சொல்வதுபோல அதை ஒரு தாளில் எழுது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து ஆண்டும் பெயரும் சரியா என்று மட்டும் பார். அவர் சொன்ன சொல்லேதான் வேண்டும் என்றால் சொல் பிசகாமல் எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்க எண்ணையும் கொடு. கருத்தை மட்டும் எடுத்தாலும் அடிக்குறிப்பு வேண்டும். இங்கிலீஷ் கட்டுரையிலிருந்து தமிழில் மொழிபெயர்த்துப் போட்டாலும் அப்படித்தான். மென்பொருள் அதைப் பிடிக்காமல் போகலாம், எடுத்தது எடுத்ததுதான்.

குறிப்பு எடுக்கும்போதே இரண்டு பேனா வைத்துக்கொள். புத்தகத்தின் சொல் நீலத்தில், உனக்குத் தோன்றியது பச்சையில். ஒவ்வொரு குறிப்புக்கும் நூல், பதிப்பு ஆண்டு, பக்கம். இல்லாவிட்டால் ஆறு மாசம் கழித்து எது யாருடையது என்று உனக்கே தெரியாது. ஸோடெரோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, நூற்பட்டியலை அதில் ஏற்றி வைத்தால் கடைசி நேரத்தில் திண்டாட வேண்டியதில்லை. ஒருவர் காட்டிய மேற்கோளை நீ அவர் புத்தகத்தில்தான் பார்த்தாய் என்றால், அவர் வழியாகப் பார்த்தேன் என்றே எழுது. மூலத்தைப் பார்த்ததுபோல் எழுதாதே. அந்த ஏஐ-யிடம் ஆதாரம் கேட்டு வாங்காதே. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் வைத்துக் கொடுத்துவிடும். போன மாசம் ஒரு பையன் கொண்டுவந்த பட்டியலில் ஒரு நூலைத் தேடித் தேடி அலுத்துப்போனோம், அப்படி ஒரு நூலே கிடையாது.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1997-லிருந்து இந்த டி.டி.பி. கடையில் தீசிஸ் அடித்துக் கொடுத்தே உன்னைப் படிக்க வைத்தேன். கண்மாய்ப் பாசனம் பற்றிய ஓர் ஆய்வேட்டில் "கண்மாயின் கலிங்கம் வழியே உபரி நீர் வெளியேறும்" என்று இருந்தது. கலிங்கு என்று திருத்தட்டுமா என்று கேட்டேன். இருப்பதை அடியுங்கள் என்றார் அவர். சில வருஷம் கழித்து வேறொருவர் ஆய்வேட்டில் அதே கலிங்கம். அப்புறம் மூன்றாவதாக ஒன்றில். மூன்று பேரும் கண்மாய்க் கரையில் நின்று தண்ணீர் மறுகால் பாய்வதைப் பார்த்திருந்தால் அந்தச் சொல் அப்படி வந்திருக்காது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். உன் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த ஒரு ஜூன் மாசம், ஒருவர் வந்து, என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஆய்வேடு ஒன்றில் ஓர் இயலை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். அதை எழுதிய பெண் இரண்டு வருஷம் ஊர் ஊராக பஸ் ஏறிப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவள். அவள் நோட்டில் மழைத்தண்ணீர் பட்டு மை கலைந்திருந்த பக்கங்களைப் படித்துப் படித்து அடித்தவன் நான்தான். அவளுடைய அலைச்சலை எடுத்து விற்றுவிட்டேன் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு அந்த மாதிரி வேலையைத் தொட்டதில்லை.

இப்படி ஆதாரம் காட்டுவதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டதிட்டம் என்று உன் கூடப் படிக்கிறவர்கள் சொல்வதாகச் சொன்னாய். தமிழ் ஆய்வேடுகளில் "என்மனார் புலவர்" என்று நான் எத்தனை தடவை அடித்திருப்பேன்! தொல்காப்பியர் ஒரு விதியைச் சொல்லும்போது, இது எனக்கு முன் இருந்தவர்கள் சொன்னது என்று இடத்துக்கு இடம் சொல்லிக்கொண்டே போகிறார். நன்னூல்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "முன்னோர் மொழிபொருளே யன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்" என்று சொல்லிவிட்டுத்தான் பழைய சூத்திரங்களை எடுத்தாளுகிறார். யாரிடம் வாங்கினோம் என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அப்பத்தா சொன்னதாக நீ பதினெட்டாம் பக்கத்தில் எழுதியிருப்பதற்கும் ஆதாரம் இல்லை. நீர்பாய்ச்சிக்குக் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுப்பார்கள் என்று சொன்னது அப்பத்தாதானே? பெயர், ஊர், வயது, பேசிய தேதி எல்லாம் தகவலாளர் பட்டியலில் போடு. படிக்காத கிழவி என்பதால் விட்டுவிடாதே. ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் ஷோத்கங்காவில் உன் ஆய்வேடு ஏறினால் எங்கேயோ இருக்கும் ஒருவர் அதைப் படித்து, அப்பத்தா பெயரைச் சொல்லி எழுதுவார்.

அப்பத்தாவிடம் நேற்றே சொன்னேன். மராமத்துக்கு ஆள் வராத வீட்டுக்கு ஊரில் என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, "அவ வரட்டும், அவகிட்டச் சொல்றேன்" என்றது. என்னிடம் சொல்லமாட்டேன் என்றுவிட்டது. இந்த இயலை அவசரமாகத் திருத்தாதே, கைடு அம்மாவிடம் ஒரு மாசம் கேட்டு வாங்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடு. வரும்போது போனில் ரெக்கார்ட் பண்ண இடம் காலியாக வைத்துக்கொண்டு வா. சனிக்கிழமை காலையில் வெயிலுக்கு முன் நம் கண்மாய்க் கலிங்குக்கு நடந்தே போய்விட்டு வரலாம்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா