போர்டு என்றால் பலகை மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் ‘போர்டு’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பலகை என்று பொருள் எழுதி, இது தெரிந்தால் போதும், மற்றப் பொருள்களைத் தேடிக் குழம்ப வேண்டாம் என்று அறிவுரையும் சொல்லியிருந்தீர்கள். பொருளில் எனக்குப் பிணக்கு இல்லை. அந்த அறிவுரையைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது.

அச்சொல் வளர்ந்த விதம் தாங்கள் அறியாததல்ல. பழைய ஆங்கிலத்திலேயே அது பலகையையும் கப்பலின் பக்கத்தையும் குறித்தது. பலகையில் உணவு பரிமாறியதால் சாப்பாட்டு மேசைக்கும், பிறகு அந்த மேசையில் கிடைக்கும் சாப்பாட்டுக்குமே அது பெயராயிற்று. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆலோசித்தவர்களும் போர்டு ஆனார்கள். கம்பெனியின் இயக்குநர் குழுவையும், மாணவர்கள் தங்கி உண்டு படிக்கும் போர்டிங் பள்ளியையும் இணைப்பது அந்த மேசைதான். கப்பலில் ஏறுவதற்கு வழங்கிய சொல் இன்று விமான நிலையத்தில் போர்டிங் பாஸாக நம் கையில் இருக்கிறது. சுக்கான் துடுப்பு வலப்புறம் இருந்ததால் கப்பலின் வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’; இடப்பக்கம் ‘லார்போர்டு’. காற்றிலும் இரைச்சலிலும் இரண்டும் ஒன்றுபோல் கேட்டதால், இடப்பக்கத்தைத் துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்’ (port) என்ற சொல்லாலேயே சொல்ல வேண்டும் என்று பிரிட்டன் கடற்படை 1844-இல் ஆணையிட்டது. ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டால் என்ன நேரும் என்பதை மாலுமிகள் அறிந்திருந்தார்கள்.

நானும் அறிவேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, வேலைக்கான நியமனக் கடிதத்தோடு ஒருநாள் வந்தாள். சம்பளம் குறைவு, சாப்பாட்டுக்கே போய்விடும், வேண்டாம் என்று எழுதிவிடப்போகிறேன் என்றாள். கடிதத்தை வாங்கிப் பார்த்தால், ‘போர்டு அண்ட் லாட்ஜிங்’ இலவசம் என்று இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது. லாட்ஜிங் என்றால் அறை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போர்டு என்பதை அறையில் இருக்கும் ஏதோ பலகை என்று எண்ணிவிட்டாள். மூன்று வேளைச் சாப்பாடும் அதில் அடக்கம் என்று அந்த வரியில் விரல் வைத்துச் சொன்ன பிறகு, “பலகைன்னுதானே சார் படிச்சோம்?” என்று கேட்டாள். அவள் மீது என்ன தவறு? ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை எழுதி மனப்பாடம் செய்யச் சொன்ன நம் எல்லோர் மீதும்தான் தவறு.

இந்தக் குறை இன்று நேற்றையது அல்ல. இதே பக்கத்தில் முன்பு ‘அபவ் போர்டு’ என்ற வழக்குக்குப் ‘பலகைக்கு மேலே’ என்று பொருள் அச்சிட்டீர்கள். சீட்டாடுபவர் கைகளை மேசைக்குக் கீழே ஒளிக்காமல் எல்லோரும் காண வைத்திருப்பதிலிருந்து வந்த வழக்கு அது. ஒளிவுமறைவற்ற நேர்மை என்பதே அதன் பொருள். அப்போதே எழுதினேன், திருத்தம் வரவில்லை. பொருளோடு ஒரு வாக்கியமும் தாருங்கள் என்று பிறகும் எழுதினேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட இல்லை. இடமில்லை என்று தாங்கள் கருதலாம். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் அது வழங்கிய வாக்கியங்களைச் சான்றாகக் காட்டியது. அத்தனை உழைப்பைத் தங்களிடம் கேட்கவில்லை. ஆனால் வாக்கியம் இல்லாமல் பொருளை மட்டும் தருவது, மாணவருக்குப் பாதி வழியைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவதாகும். தங்கள் இதழை நம்பித்தான் எத்தனையோ பிள்ளைகளிடம் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ‘போர்டு’ என்பதற்கு உணவு, நிர்வாகக் குழு, கப்பலிலோ விமானத்திலோ ஏறியிருத்தல் ஆகிய மூன்று பொருள்களையும் பொருளுக்கொரு வாக்கியத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்