புயலைத் தாங்கும் மீன் கூண்டுகள்: நங்கூரத்துக்கு உங்கள் பங்கைத் தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் குடும்பத்தை முடக்க ஒரு புயல் போதும். மாதக்கணக்கில் தீனி போட்டு, பிடிக்கும் பருவத்துக்கு வந்த மீனெல்லாம் ஒரே இரவில் வலை கிழிந்து போய்விடும். வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். இதை மாற்றத்தான், கடலோரக் குடும்பங்கள் சேர்ந்து புயல் தாங்கும் கூண்டுகளைப் பொதுவில் அமைக்கிறோம்.

கூண்டு என்றதும் மேலே மிதக்கும் வட்டம்தான் கண்ணில் படும். கெட்டியான பாலிஎதிலின் குழாயால் ஆன அந்த வளையம் அலையோடு வளைந்து கொடுக்கும், சுலபத்தில் உடையாது. கவலையெல்லாம் அதற்குக் கீழே இருப்பவை பற்றித்தான். நங்கூரம் மணலில் பிடி விட்டுவிடும். சங்கிலி தேய்ந்து மெலியும். சங்கிலியை இணைக்கும் இரும்புக் கொக்கியான சாக்கிளின் திருகாணியைக் கம்பி கொண்டு கட்டாமல் விட்டால், அலையாட்டத்தில் அது தானாகவே சுழன்று கழன்றுவிடும். கையளவு இரும்பு, அதோடு மொத்தக் கூண்டும் போய்விடும். பாசியும் கொட்டலசு என்ற ஓட்டு உயிரியும் ஒட்டிக் கண் அடைந்த வலை இன்னும் மோசம். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் வலையை இழுக்கும் விசை நான்கு மடங்கு வரை ஏறும், கண் அடைந்திருந்தால் அதற்கும் மேலே. ஆகவே காற்றுக் காலத்துக்கு முன்பே மாற்றிக் கட்ட இன்னொரு வலை கைவசம் வேண்டும்.

மீன் குஞ்சு வாங்கித் தருகிறோம் என்று பலர் அன்போடு முன்வருகிறார்கள். நன்றி. ஆனால் முதலில் நங்கூரம், சங்கிலி, கயிறு, மாற்று வலை. குஞ்சு அதற்குப் பிறகுதான் என்பது குழுவின் உறுதியான முடிவு.

அப்புறம், மூழ்கு கூண்டு. மிதவைக் குழாயில் நீரை நிரப்பினால் கூண்டு கீழே இறங்கும், கம்ப்ரசரால் காற்றை ஏற்றினால் மேலே வரும். ஆழம் போகப் போக அலையாட்டம் குறையும். புயல் அலை முழுதாக அடங்கும் ஆழம் கரையோரத்தில் கிடைக்காது, சரி. ஆனாலும் சில மீட்டர் இறங்கினாலே உடைந்து விழும் அலையின் நேரடி அடியிலிருந்து தப்பலாம். ஹவாய், போர்ட்டோ ரிக்கோ கடல்களில் 2000-களிலேயே இப்படி மீன் வளர்த்திருக்கிறார்கள். கடல்விரால் (கோபியா) மீனுக்கு, உடலுக்குள் இருந்து மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது, அதனால் கூண்டு இறங்கி ஏறுவது அதை வருத்தாது. காற்றுப்பை உள்ள கொடுவா போன்ற மீன்கள் என்றால் கூண்டை மெல்ல மெல்லத்தான் மேலே தூக்க வேண்டும். இந்த வசதியை முதலில் ஒரு கூண்டில் பொருத்திப் பார்க்க விரும்புகிறோம்.

பணமாகத் தரலாம். சங்கிலி, மிதவை எனப் பொருளாகவும் தரலாம். பழைய கயிறு மட்டும் தயவுசெய்து வேண்டாம். வெயிலில் கிடந்த கயிறு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வலு போயிருக்கும். முக்குளித்து நங்கூரத்தைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் ஒருநாள் உழைப்பைத் தந்தாலும் பெரிய உதவி.

எல்லாத் தொகையையும் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தி, ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கை யார் கேட்டாலும் காட்டுவோம். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் நங்கூரம் இறக்க முடியும் என்பதால், சிறு தொகையானாலும் முன்கூட்டியே தந்து உதவுங்கள்.

இப்படிக்கு,
கூண்டு மீன் வளர்ப்புக் குழுவினர்