பின்னக் கணக்குக்கு ஆழாக்கும் காகிதப் பட்டையும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கோடை விடுமுறை வந்தாலே, ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குக்கென்றே டியூஷன் தேடும் பெற்றோரைப் பார்க்கிறேன். வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே இந்தப் பாடத்துக்கு அடித்தளம் இட முடியும் என்பதை, நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

மூன்றைவிட நான்கு பெரிது என்று பழகிய குழந்தை, 1/3-ஐவிட 1/4 பெரிது என்கிறது. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலுள்ளவற்றையும் கீழுள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதுகிறது. அரையோடு மேலும் சிறிது சேர்த்த பிறகு விடை அரையைவிடக் குறைந்துவிடுமா என்ற ஐயம் அதற்கு எழுவதில்லை. ஏனெனில் 2/5 என்பது அதற்கு ஓர் அளவாகவே தெரியவில்லை, கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் இரண்டு எண்களாகத்தான் தெரிகிறது. இந்நிலையில் மீச்சிறு பொது மடங்கு காணும் முறையை மனப்பாடம் செய்ய வைத்தால் மதிப்பெண் வரலாம், கணக்கு வராது.

12 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டைகள் மூன்றை வெட்டி, அவற்றை முறையே இரண்டு, மூன்று, ஆறு சம பாகங்களாக மடிக்கச் செய்யுங்கள். மூன்றாக மடிப்பது சற்றுக் கடினம் என்பதால் 4 செ.மீ.க்கு ஒரு குறி இட்டுக்கொள்ளலாம். அரைத் துண்டையும் மூன்றில் ஒரு பங்குத் துண்டையும் ஒட்டினாற்போல் ஆறு கட்டப் பட்டையின் மேல் வைத்தால், ஐந்து கட்டங்கள் மறைந்து ஒன்று மிஞ்சும். அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம் என்று கண்ட குழந்தைக்கு, பகுதிகளை, அதாவது கோட்டுக்குக் கீழுள்ள எண்களைச் சமமாக்குவது ஏன் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. (தோசையைப் பிட்டுக் காட்டுவோரும் உண்டு. பாதி, கால் வரை சரி. வட்டத்தைச் சமமாக மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிக்கப் பெரியவர்களுக்கே கை வராது.)

வகுத்தலுக்குப் பரணில் கிடக்கும் பழைய அளவைகள் நன்கு உதவும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. அரைப்படி அரிசியில் எத்தனை ஆழாக்கு என்று கேட்டு, குழந்தை தன் ஊகத்தைச் சொன்ன பிறகே அளக்க விடவேண்டும். நான்கு என்று வரும்போது, 1/2-ஐ 1/8-ஆல் வகுத்தால் விடை பெரிதாவது எப்படி என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஐந்து உழக்கை அளந்தால் ஒன்றேகால் படியாகி, 5/4 போல மேலெண் கீழெண்ணைவிடப் பெரிதாக உள்ள தகா பின்னமும் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் தலைதட்டி அளக்க வேண்டும். குவித்து அளந்தால் கணக்கு உதைக்கும். படி இல்லாத வீடுகளில் ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் அளவைகளும் தண்ணீரும் போதும்.

தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ், பொருள்களைக் கையாண்டு கற்கும் முறை நடைமுறையில் உள்ளது. 1/2, 1/3 போலக் கீழெண் வேறுபடும் வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் ஆறாம் வகுப்பிலும் அது தொடர வேண்டும் என்பதோடு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் ஆசிரியர்கள் இவற்றைப் பெற்றோருக்குச் செய்து காட்டவும் பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.