கூரைக்கு ஃபோம் அடிக்கலாமா?

அன்புள்ள முரளி,

உன் பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். முட்டி வலி என்று உட்கார்ந்தே இருக்காதே, மெதுவாகவாவது நட. இங்கே எல்லோரும் நலம்.

சரி, மாடி அறைக் கூரைக்கு ஸ்ப்ரே ஃபோம், அதாவது பீய்ச்சியதும் பொங்கி இறுகி வெப்பத்தைத் தடுக்கிற நுரை, அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் அடித்தாயிற்று, திருப்திதான். ஆனால் உன்னிடம் வருகிற ஆள் எத்தனை அங்குலத் தடிமன் என்பதிலேயே பேச்சை ஆரம்பிப்பான், அதில் மயங்கிவிடாதே. வெப்பத்தைத் தடுக்கிற வேலையைக் கண்ணாடி நாரும் செய்யும், அதுவும் குறைந்த செலவில். ஃபோமுக்குக் கூடுதல் காசு கொடுப்பது அது சந்து பொந்தெல்லாம் நுழைந்து ஒட்டிக்கொண்டு காற்றை நிறுத்துவதற்காகத்தான். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறிக் கூரை இடுக்கு வழியாக வெளியே போய்விடும், அந்த இடத்தை நிரப்பக் கீழே கதவடியில் குளிர்காற்று நுழையும், நாம் காசு கொடுத்துச் சூடாக்கியது போயே போச்சு. வெயில் காலத்தில் கூரைக்கடியில் வெந்து கிடக்கும் காற்று அறைக்குள் கசிந்து ஏசியை ஓயவிடாது.

அதனால் முதலில் ஒரு வேலை செய். காற்றடிக்கிற நாளாகப் பார்த்து ஜன்னல்களைச் சாத்தி, அடுப்பு கிடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வீட்டைச் சுற்றி வா. சுவிட்ச் பாக்ஸ், குழாய் நுழையும் ஓட்டை, பரணுக்கு ஏறும் கதவு, எங்கெல்லாம் புகை நேராக ஏறாமல் சட்டென்று சாய்கிறதோ அங்கெல்லாம் காற்று வருகிறது. இதில் பாதியை சீலன்ட் வைத்து நீயே அடைத்துவிடலாம். அதற்குப் பிறகும் கூரைதான் பிரச்சினை என்றால் ஆளைக் கூப்பிடு.

ஃபோமில் இரண்டு வகை. ஓப்பன் செல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், அங்குலத்துக்கு ஆர் மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு, கூடினால் நல்லது) சுமார் 3.5. க்ளோஸ்டு செல் கெட்டி, 6-க்கு மேல் கிடைக்கும், ஈரத்தையும் தடுக்கும், செலவு அதிகம். இடம் குறுகலாக இருந்தால் இரண்டாவதுதான். கூரையின் மரச்சட்டத்தில் ஈரம் இருந்தால் இரண்டுமே வேண்டாம், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் மரம் உளுத்துப்போகும்.

அடிப்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். இரண்டு டிரம்மிலிருந்து இரண்டு திரவங்கள் சூடான ஹோஸ் வழியாக வந்து கன் முனையில் கலக்கின்றன. மரத்தில் படும்போது தண்ணியாக இருப்பது, கண்ணெதிரே சில நொடியில் பொங்கி விறைத்துவிடுகிறது. சட்டத்துக்கு வெளியே துருத்துவதை நீளமான ரம்பத்தால் சீவி எடுப்பார்கள். கலக்கும்போது வெப்பம் கிளம்பும் என்பதால் க்ளோஸ்டு செல்லை ஒரே தடவையில் தடிமனாக அடிக்கக் கூடாது, பொதுவாக இரண்டு அங்குலம்தான், அது ஆறிய பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டாலோ கலவை விகிதம் தவறினாலோ கருகும், சுருங்கும், மீன் நாற்றம் மாதிரி ஒன்று மாதக்கணக்கில் போகாது. எத்தனை பூச்சு அடிப்பாய் என்று கேள், தடுமாறினால் வேறு ஆளைப் பார். அடிக்கும்போதும் அப்புறம் குறைந்தது ஒரு நாளும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, பேரன் வந்திருந்தால் இன்னும் தள்ளிப் போடு.

வயரிங் வேலை பாக்கி இருந்தால் முன்னாலேயே முடித்துவிடு, அடித்த ஃபோமைச் சுரண்டி எடுப்பது நரக வேலை. ஆட்கள் இருக்கும் அறை என்பதால் ஃபோமை மூடி ஜிப்சம் போர்டு போட்டே ஆகவேண்டும், ஃபோம் நன்றாகத் தீப்பிடிக்கும். அப்புறம், இவ்வளவு இறுக்கமாக அடைத்த வீட்டுக்குப் புதுக்காற்று வர வழி வேண்டும். உள்ளே எரிவாயு ஹீட்டர் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதன் புகை திரும்பி அறைக்குள் வந்துவிடாதபடி விஷயம் தெரிந்தவரை வைத்துப் பார்த்துக்கொள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கூரையின் உள்பக்கத்தை நாலைந்து போட்டோ எடுத்து அனுப்பு, மரம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எந்த வகை என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு